எட்டாயிரத்துக்கு ஒரு மன்றாட்டு

நான் லஞ்சம் வாங்குகிறவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திண்டிவனத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பதினோரு வருடமாக வி.ஏ.ஓ. வேலை பார்க்கிறேன், இந்தக் கையால் ஒரு ரூபாய் தொட்டதில்லை. தர வேண்டியதை வீட்டில் என் மனைவி வெனிலாவிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். அதற்குப் பெயர் அன்பளிப்பு. சின்னப்பராஜ் சார் சுத்தமான ஆள் என்று ஊரே சொல்லும். சொல்லாதவனின் பட்டா கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான்.

அப்படியிருக்கும்போது இருதயசெல்வி வந்து சேர்ந்தாள். எங்கள் பங்குக் கோவில்காரிதான். அவள் புருஷன் வளன், கொத்தனார், வானூரில் சாரம் சரிந்து செத்துப்போனான். நலவாரியப் பணம் வாங்க வாரிசுச் சான்று வேண்டும். சான்றுக்கு என் ரிப்போர்ட் வேண்டும். மூன்று வாரமாக நடந்தாள். நான் ஒருநாளும் விரட்டவில்லை. உட்காரச் சொல்லி ஃபேன்கூடப் போட்டேன்.

"முப்பதாந் தேதிக்குள்ள விழுப்புரத்துல குடுக்கலன்னா பணமே வராதுன்றாங்க சார். ரொம்பப் பேஜாரா கீது."

"ஆண்டவர்மேல பாரத்தப் போடும்மா. மேல இருக்கிறவங்களுக்கு ஒரு எட்டாயிரம் ஆவும். வீட்டுல குடுத்துட்டுப் போ."

எந்த மேலே என்று அவள் கேட்கவில்லை.

சனிக்கிழமை வெனிலாவிடம், "அந்தம்மா வந்துச்சா?" என்றேன். "வந்தாங்க, போயிட்டாங்க" என்றாள். பணத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. வெறுங்கையோடு வந்திருக்கிறாள்! திமிரைப் பாருங்கள்.

மறுநாள் பூசையில் மன்றாட்டு வாசிப்பது என் முறை. ஜனங்கள் வேண்டுதல் எழுதிப் பெட்டியில் போடும் சீட்டுகளை எடுத்து, முன்கூட்டிப் பார்க்காமலே, தொண்டையைச் செருமிக்கொண்டு வாசிப்பேன். என் குரலுக்கு அப்படி ஒரு கம்பீரம். மூன்றாவது சீட்டைப் பிரித்தேன்.

"வாரிசுச் சான்றுக்காக அலையும் சகோதரி இருதயசெல்விக்காகவும், ரிப்போர்ட் போட எட்டாயிரம் கேட்கும் வி.ஏ.ஓ. மனந்திரும்பவும், ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்."

வாய் முடித்த பிறகுதான் மூளைக்கு எட்டியது. அதற்குள் பழக்கதோஷத்தில், எல்லாரும் பதில் சொல்லும்படி கையைத் தூக்கிவிட்டேன். கோவில் மொத்தமும், "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது. கண்றாவி, நானும் சேர்ந்து சொன்னேன்! சாமியார் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

திங்கட்கிழமை இருதயசெல்வியை வரச்சொல்லிப் பிடி பிடியென்று பிடித்தேன்.

"சீட்டு எழுதிப் போட்டு மானத்த வாங்கிட்டியே!"

"நானா? எனக்கு எழுதப் படிக்கவே தெரியாது சார்."

மூன்று வாரமாக மேசையில் கிடந்த அவள் மனுவை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பிரித்தேன். அடியில் பெருவிரல் ரேகை.

"பணத்த எடுத்துக்கினுதான் சார் உங்க வூட்டுக்குப் போனேன். அம்மாதான் வாங்கல. நீ போ, நான் அவருகிட்ட பேசிக்கிறேன்னாங்க."

சட்டைப் பையிலிருந்த சீட்டை எடுத்துப் பார்த்தேன். வாராவாரம் எனக்கு மளிகை லிஸ்ட் வருவது அதே எழுத்தில்தான்.

ரிப்போர்ட் எழுதப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அவள் கும்பிட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது, நிஜமாகவே.

வீட்டுக்குப் போனதும் குதித்தேன். "ஏன்டி இப்படிப் பண்ணே?"

"போட்டிருந்த தோட்ட வித்துட்டு, காதுல ஈர்க்குச்சி சொருவிக்கினு வந்தாங்க. பூசையில நன்ம அப்பம் வாங்குற கைங்க இது. நீட்ட முடியல."

"அத எங்கிட்டச் சொல்றதுக்கென்ன?"

"பதினோரு வருஷமா சொல்லிக்கினுதான இருக்கேன்? வீட்டுல சொன்னா உங்களுக்குக் காது கேக்கல."

வெனிலா ஒரு கட்டுச் சீட்டைக் கொண்டுவந்து என் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இன்னும் நாப்பத்திரண்டு எழுதியிருக்கேன். இதுவரைக்கும் குடுத்தவங்க பேரு, தொகை எல்லாம் இருக்கு. நீங்களே போய்த் திருப்பிக் குடுக்குறீங்களா, இல்ல ஞாயித்துக்கிழமை வாசிக்கிறீங்களா?"