உப்பில்லாத மரினாரா

குளிர்காலக் காய்ச்சல் என் புருஷன் பியாஜோவை விட்டுப் போகும்போது எதையோ எடுத்துக்கொண்டு போய்விட்டது. எங்கள் கடைப் பீட்சாவைக் கடித்தவர்கள், உப்பு கரிக்கிறதென்று தட்டைத் திருப்பி அனுப்பினார்கள். அவரோ மாவைத் திட்டினார், தக்காளியைத் திட்டினார், கடைசியில் அடுப்பை அணைத்துக் கடையைப் பூட்டினார்.

"இந்த நாப்போலி ஊரே கெட்டுப் போச்சுடி நுன்சியா. எவன் பீட்சாவும் வாயில வெக்க விளங்கல. நல்லது ஒண்ணே ஒண்ணு கெடைக்கட்டும், என்னோடதுல என்ன கோளாறுன்னு கண்டுபிடிச்சுக் கடையைத் தொறந்துடறேன்."

அன்றிலிருந்து அலைச்சல். ஃபோர்செல்லா பேட்டையில் சாப்பிட்டது அட்டை என்றார். வோமெரோ மேட்டில் சாப்பிட்டது பணக்காரனுக்குச் சுட்ட ரொட்டியாம். துறைமுகத்தில் நாலாக மடித்துக் காகிதத்தில் கொடுத்ததை ஒரு கடி கடித்துவிட்டுத் தெருநாய்க்குப் போட்டார். அது காகிதத்தையும் சேர்த்து நக்கியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நாய்க்குத் தெரியுது, உனக்குத் தெரியலையா? டாக்டர்கிட்ட நாக்கைக் காட்டுய்யா."

"நாக்குக்கு என்னடி? உன்னைத் திட்ட நல்லாத்தானே ஓடுது!"

சிரித்துத் தொலைத்தேன். ஆனால் பயம் போகவில்லை. பீட்சாவைத் தவிர அந்த மனுஷனுக்கு வேறொன்றும் தெரியாது.

மறுநாள் அவருக்குத் தெரியாமல் சானித்தா பேட்டைக்குப் போனேன். அங்கே கடை வைத்திருக்கும் கத்தேல்லோ இளவயதில் இவரோடு ஒரே அடுப்பில் நின்றவன். இவருக்காக ஒரு மரினாரா பீட்சா சுடச் சொன்னேன். சீஸ் கிடையாது, தக்காளியும் பூண்டும் போதும், மாவிலும் சாற்றிலும் உப்பு மட்டும் கூடாது என்றேன்.

"பைத்தியமா உனக்கு? உப்பில்லாம மாவு கைக்கே அடங்காது. வெளிய தெரிஞ்சா என் மூஞ்சியில துப்புவாங்க."

"அவர் துப்பணும்னுதான் கேக்கறேன். துப்பிட்டா நாக்கு இருக்குன்னு அர்த்தம். அப்புறம் ஊர்தான் கெட்டுப்போச்சுன்னு நானும் நம்பிட்டுப் போறேன்."

கத்தேல்லோ உப்பு ஜாடியைத் தள்ளி வைத்துவிட்டு மாவை இழுத்தான்.

மதியம் அவரைக் கூட்டிப் போனேன். கத்தேல்லோ கையாவது கெட்டிருக்காது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். விளிம்பு நன்றாகத்தான் உப்பியிருந்தது. அவர் ஒரு துண்டு வெட்டி மென்றார். துப்பு, துப்பு என்று உள்ளுக்குள் மடோன்னா மாதாவைக் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

"இதுதான்டா கத்தேல்லோ!" என்றார். "உப்பு அளவா நிக்குது. ஊர்ல நீ ஒருத்தன்தான்டா பாக்கி."

கத்தேல்லோ அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டான். பியாஜோ தட்டை என் பக்கம் நகர்த்தினார். ஒரு வாய் தின்றேன். ஈரச் சுவரை நக்கினால் அப்படித்தான் இருக்கும்.

"எப்படிடி இருக்கு?"

ஆயுசு முழுக்க எது எப்படி இருக்கிறதென்று எல்லாருக்கும் சொன்னவர் அவர். என்னைக் கேட்டதே இல்லை. என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"நுன்சியா, உப்பு எப்படி இருக்கு?"

பொய் சொல்லியிருக்கலாம். வரவில்லை.

"உப்பே போடலய்யா. நான்தான் வேண்டாம்னு சொன்னேன்."

கத்துவார் என்று பார்த்தேன். கத்தவில்லை. தட்டைத் தன் பக்கம் இழுத்து, ஒரு துண்டு விடாமல் நிதானமாகத் தின்று முடித்தார். பிறகு பையிலிருந்து கடைச் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"கத்தேல்லோகிட்ட குடுத்துடு," என்றார். "நம்ம அடுப்பு நல்ல அடுப்பு. அவனாவது மூட்டட்டும்."