கொமீதா எத்தனை மணிக்கு?

1

இந்தக் கதை எனக்கு வந்தது சலூன் நாற்காலியில். ஸ்பெயினின் வய்யாதொலித் நகரில் எனக்கு முடி வெட்டும் நோஹோரா, கத்தரியை நிறுத்தாமல் சொன்னாள். எழுதட்டுமா என்று கேட்டேன்.

"எழுதுங்க. ஆனா நான் அழுதேன்னு எழுதிடாதீங்க. நான் அழல."

முதலில் இப்படித் தொடங்கினேன்: "பனி கொட்டிய ஒரு சனிக்கிழமை, கொலம்பியாவிலிருந்து வந்த ஒருத்தி..." (பனியெல்லாம் கொட்டவில்லையாம். அடித்துவிட்டேன்.)

2

ஆன்செல்மோ பூட்டு ரிப்பேர்க்காரர், மனைவியை இழந்தவர். சலூன் ஷட்டர் சிக்கிக்கொண்டபோது சரிசெய்ய வந்தார். பிறகு யாரும் கூப்பிடாமலே வாரம் ஒருமுறை எண்ணெய் விட வந்தார்.

நோஹோராவை வீட்டுக்கு அழைக்க ஆசை. எந்தச் சொல்லால் அழைப்பது? 'சேனா' என்றால் இரவு விருந்து. ஒயின், மெழுகுவர்த்தி, உள்நோக்கம். 'கொமீதா' அவருக்கு மதியம் இரண்டு மணிச் சாப்பாடு. பட்டப்பகலில் யாரும் எதையும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

"சனிக்கிழமை எங்க வீட்டுக்கு கொமீதாவுக்கு வாயேன்."

"எத்தனை மணிக்கு?"

"எல்லாரும் சாப்பிடுற நேரந்தான்."

நோஹோரா ஸ்பெயினுக்கு வந்து அப்போது சில மாதங்கள்தான். அவள் ஊரில் கொமீதா என்றால் இரவுச் சாப்பாடு.

[இங்கே தமிழ் என்னைக் கைவிட்டது. 'மதியச் சாப்பாடு' என்று எழுதினால் குழப்பம் இல்லை, கதையும் இல்லை. அதனால் கொமீதாவை அப்படியே விட்டேன்.]

3

சனிக்கிழமை ஆன்செல்மோ வீட்டில் ஆட்டுத்தொடை அடுப்பில் வெந்து, காத்திருந்து, ஆறிப்போனது. அவர் போன் செய்யவில்லை. (இந்த இடத்தில்தான் எனக்கு ஆன்செல்மோ மேல் நம்பிக்கை போனது. ஒரு போன் போடாத மனிதன் உண்டா? நோஹோராவிடமே கேட்டேன். "வரமாட்டேன்னு நான் சொல்றதை அவர் காதால வேற கேக்கணுமா?" என்றாள்.)

மாலையில் கறியைக் கீழ்வீட்டுக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டு, பைஜாமாவுக்கு மாறி, டிவி முன் உட்கார்ந்தார்.

ஏழு மணிக்கு அழைப்பு மணி. கதவைத் திறந்தால், உதட்டுச் சாயமும் குதிகால் செருப்புமாக நோஹோரா.

"இப்பவா வர்றே?"

"ஐயோ, சீக்கிரம் வந்துட்டேனா?" என்றவள் பைஜாமாவைப் பார்த்தாள். "மறந்துட்டீங்களா?"

"மறக்கிறதா? ரெண்டு மணியிலேர்ந்து உக்காந்திருக்கேன்!"

"ரெண்டு மணிக்கு யாராவது கொமீதா சாப்பிடுவாங்களா?"

"ஊரே சாப்பிடும்!"

இருவருக்கும் மெதுவாகப் புரிந்தது.

"ராத்திரின்னா சேனான்னு சொல்லியிருப்பேனே."

"அதைச் சொல்லியிருந்தா இந்தக் குழப்பமே இல்லையே?"

"சொன்னா நீ வேற மாதிரி நினைச்சுக்குவியோன்னு பயந்தேன்."

"நான் வேற மாதிரி நினைச்சுத்தான் வந்தேன்."

4

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன். ஒன்றில் முட்டை பொரிக்கிறார்கள். இன்னொன்றில் வெளியே போகிறார்கள். ஆனால் ஏழு மணிக்கு இங்கே எந்த ஓட்டலிலும் அடுப்பு பற்றியிருக்காது. வேறொன்றில் அவள் படியிறங்கி... (வேண்டாம்.)

"உண்மையில என்னதான் ஆச்சு?" என்று கேட்டேன்.

"அது எனக்கும் அவருக்கும்" என்று என் மேல் போர்த்தியிருந்த துண்டை உதறிவிட்டாள்.

ஆகவே நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். அவள் இன்றும் அவரை 'நீங்க' என்றுதான் சொல்கிறாள். அதிலிருந்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. அவள் ஊரில் வாடிக்கையாளரையும் நீங்க என்பார்கள், நாய்க்குட்டியையும் நீங்க என்பார்கள், புருஷனையும்.