ஐம்பது புள்ளி பூஜ்யம் பூஜ்யம் ஆறு

என் பஞ்சர் கடைக்குச் சுவரும் கிடையாது, கூரையும் கிடையாது. தெருமுனை மரம்தான் எல்லாம். அது இருப்பதால் காரைத் திருப்ப முடியவில்லை என்று எதிர்வீட்டுக்காரர் மனுப் போட்டுவிட்டார். அடிமரத்தின் விட்டம் ஐம்பது சென்டிமீட்டர் இருந்தால் கைவைக்கக் கூடாது, ஒரு நூல் குறைந்தாலும் வெட்டலாம் என்பது சட்டம்.

அளக்க வந்த அதிகாரி நல்ல மனுஷர். அதுதான் எனக்கு எரிச்சல். கெட்டவராக இருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். மரத்தைச் சுற்றி டேப்பைப் பிடித்தார். நூற்றைம்பத்தேழு புள்ளி ஒன்று. அதை ஏழால் பெருக்கி இருபத்திரண்டால் வகுத்தார். இரண்டு முறை.

"நாப்பத்தொம்பது புள்ளி ஒம்பது எட்டு ஆறு. மன்னிச்சிருங்க, கொஞ்சூண்டு குறையுது."

பதினோரு வருடப் பிழைப்பு கொஞ்சூண்டில் போகிறதே!

பக்கத்து லேத் பட்டறை என் அண்ணியுடையது. டீக்குச் சர்க்கரை போட்டால்கூட மூன்றாவது புள்ளிவரை பார்ப்பவர் என்று நான் கேலி செய்வேன். மெஷினை நிறுத்திவிட்டு வந்தார்.

"எதால வகுத்தீங்க சார்?"

"இருபத்திரண்டு கீழ ஏழு. பள்ளிக்கூடத்துல அதானே?"

"அது பை இல்ல சார், பையோட பக்கத்து வீட்டுக்காரர். கணக்கு சுலபமா வரட்டும்னு சொல்லிக் குடுத்தது. நிஜப் பை அதவிடக் கொஞ்சம் சின்னது." எண்ணெய்ப் பிசுக்கேறிய கால்குலேட்டரை நீட்டினார். "இந்தப் பைப் பொத்தான அழுத்தி வகுத்துப் பாருங்க."

ஐம்பது புள்ளி பூஜ்யம் பூஜ்யம் ஆறு.

"எந்தப் பைன்னு சட்டத்துல போடலியேம்மா," என்று தலையைச் சொறிந்தார் அதிகாரி.

"வட்டத்துக்கு இருக்கறதே ஒண்ணுதான் சார்."

அவர் சிரித்துவிட்டார். 'வெட்ட அனுமதி இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

நான் வெட்கமில்லாமல் அழுதேன். "அண்ணி, உங்களுக்கு எப்படி நன்றி சொல்றது?"

"எனக்கு எதுக்குக் கொழுந்தனாரே? நான் பொத்தானக் காட்டினேன், அவ்வளவுதான். அந்த எண்ணுக்குச் சொல்லுங்க."

சொல்கிறேன். மூன்றாம் மாதம் பதினாலாம் தேதி கடைக்கு விடுமுறை. மரத்தடியில் தெருவுக்கே இனிப்பு. யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்டால், மூன்று புள்ளி ஒன்று நான்குக்கு என்பேன். கேட்டவர்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

இந்த வருடம் எதிர்வீட்டுக்காரரும் வந்தார். வெயிலுக்குப் பயந்து இப்போது காரை இந்த நிழலில்தான் நிறுத்துகிறார். இனிப்பு இரண்டு எடுத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"என் சார்புலயும் அதுக்கு ஒரு நன்றி சொல்லிருப்பா."