காது இல்லாத பெட்டிகள்

காட்டோரத்து மரங்களில் கட்டியிருந்த பெட்டிகளுக்குள் அன்று காலையில்தான் நிரலின் புதிய பதிப்பு போனது. எழுதியவள் நான். மனிதக் காதுக்கு எட்டாத யானையின் உறுமலை மற்ற ஒலிகளிலிருந்து பிரித்துச் சொல்லும் சின்ன நிரல் அது. யாரும் இலவசமாக எடுத்துப் பாவிக்கலாம். பெட்டிக்கு யானை கேட்டால், கனகராயன்குளத்தில் எங்கள் பக்கத்துக் கைபேசிகள் எல்லாம் அலறும்.

அதுவரை அதைப் பென்டிரைவில் கொண்டுபோய்ப் பெட்டி பெட்டியாகப் போட்டோம். பிறகு கென்யாவிலிருந்து ஓர் ஆய்வாளர் எழுதினார். 'எங்கள் மென்பொருள் உங்களுடையதை நம்பி இயங்கப்போகிறது. தேவையான கோப்புகளை எல்லாம் ஒன்றாகக் கட்டி, பதிப்பு எண்ணோடு முறையான பொதியாக வெளியிடுவீர்களா?' நான் பார்க்காத ஒரு சமவெளியில், பார்க்காத யானைகளுக்காக என் வரிகள் காது கொடுக்கப்போகின்றன என்று நிலத்தில் கால் படாமல் திரிந்தேன்.

பொதி செய்தேன். என் கணினியில் சோதனைகள் எல்லாம் சரியாக வந்தன. வவுனியாவிலிருந்து பெட்டிகளைக் கவனிக்கும் ஜனார்த்தனன் அண்ணா, பழையதை எடுத்துவிட்டு, அங்கிருந்தபடியே எல்லாவற்றிலும் பொதியை நிறுவினார்.

பின்னேரம் ஆய்வாளரின் பதில் வந்தது. 'எந்த ஒலியைக் கொடுத்தாலும் யானை இல்லை என்கிறது. மாதிரி ஒலிகள் பொதிக்குள் இல்லையே?'

திறந்து பார்த்தேன். இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய உறுமல்கள் என் கோப்புறையிலேயே தங்கிவிட்டன. அதே கோப்புறைக்குள் இருந்து சோதித்ததால் எனக்கு மட்டும் அவை பக்கத்திலேயே கிடைத்திருக்கின்றன. பெட்டி இடையில் நின்றுவிடக்கூடாது என்று நான் எழுதிய ஒரு வரி நினைவுக்கு வந்தது. ஒப்பிட ஒன்றும் இல்லாவிட்டால், 'யானை இல்லை' என்று சொல்லிவிட்டுத் தொடரவும்.

காலையிலிருந்து கைபேசிகள் அமைதியாக இருந்தன. அம்மா காட்டோரக் காணியில் கச்சான் கடலை பிடுங்கப் போயிருந்தா.

வவுனியாவுக்கு அழைத்தேன். “அண்ணா, பழையதைத் திரும்பப் போடுங்கோ. பெட்டியளுக்கு ஒண்டும் கேக்கேல்ல.”

“விளையாடாத கஜேந்தினி. எல்லாம் வேலை செய்யுதெண்டுதான் இஞ்ச காட்டுது.”

“வேலை செய்யுது. ஆனை வந்தாலும் இல்லையெண்டு சொல்லும்.”

அவர் கதிரையைத் தள்ளிவிட்டு எழும் சத்தம் கேட்டது. “ஒவ்வொண்டாத்தான் போடலாம். சிக்னலும் கிடைக்கோணும். நீ அம்மாவைக் கூப்பிடு.”

அம்மா எடுக்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

வெளிச்சம் மங்கி மம்மல் பொழுதாகிக்கொண்டிருந்தது. மாட்டைத் தேடிக் காட்டுப் பக்கமாக நடந்துகொண்டிருந்தார்கள் அயல்வீட்டு விமலேஸ்வரியக்காவும் புருஷன் ராசுவும்.

“அக்கா, திரும்புங்கோ! ஆனை நிக்கும்!”

அவா கைபேசியை எடுத்துப் பார்த்தா. “ஒண்டும் இல்லையே பிள்ளை.”

“அது பிழை.”

“உன்ர பெட்டியே இல்லையெண்டுது, நீ ஓமெண்டுறாய். நாங்கள் ஆரை நம்புறது?”

“விடப்பா, பிள்ளைக்கு மூளை சூடாயிட்டுது,” என்று ராசு சிரித்தார். “மோர் கரைச்சுக் குடு.”

அவர்கள் நடந்துகொண்டே இருந்தார்கள். பெட்டிகள் வருமுன் இந்த நேரத்தில் இந்தப் பாதையில் ஒருவரும் தனியே போகமாட்டார்கள். ஆளை ஆள் கூப்பிட்டு, தகரம் தட்டிக்கொண்டுதான் போவார்கள். அவர்களுடைய பயத்தை எல்லாம் நான்தான் வாங்கி வைத்திருந்தேன். அன்று காலை அதைத் தொலைத்துவிட்டேன்.

அம்மா கச்சான் வரிசைகளுக்கு நடுவில் குனிந்து நின்றா.

“என்னடி, பேய் துரத்தின மாதிரி?”

நான் வாய் திறக்குமுன் கைபேசி அலறியது. என்னுடையது. பின்னால் பாதையில் விமலேஸ்வரியக்காவினுடையது. காணியின் மறுகரையில், காட்டை ஒட்டிய பாலை மரக்கிளையில் தொங்கிய பைக்குள் அம்மாவினுடையது. ஜனார்த்தனன் அண்ணா பழையதைப் போட்டுவிட்டார். போட்டவுடனேயே பெட்டிக்குக் கேட்டிருக்கிறது.

“பெட்டி சொல்லிட்டுது. ஆனை வர இன்னும் நேரம் கிடக்கு,” என்று கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு, அதை நிறுத்த அம்மா மரத்தை நோக்கி நடந்தா.

ஓடிப்போய் மணிக்கட்டைப் பிடித்தேன். “போகாதேங்கோ. அது இப்ப வந்ததில்லை அம்மா. முந்தியே நிக்குது.”

கைபேசி ஒளிர்ந்து ஒளிர்ந்து கத்தியது. அந்த வெளிச்சத்தில், பாலையின் இன்னொரு அடிமரம் என்று நான் நினைத்திருந்த ஒன்று அசைந்தது. பிறகு, கத்திக்கொண்டிருந்த பை கிளையிலிருந்து கழன்று, மெல்ல, மிக மெல்ல, மேலே எழுந்தது.

அம்மாவின் விரல்கள் என் கையை இறுக்கின. ஒருவருக்கும் கேட்காமல், முகத்தைத் திருப்பாமல், காலால் வரிசைகளைத் தடவித் தடவிப் பின்னோக்கி நடந்தோம்.