வாளியில் முரடன்

“பைய, பைய! கீழ விட்றாதீக!” என்று சமீனா அடுப்படியிலிருந்து ஓடி வருவதற்குள் மீன்தொட்டி கூடத்தை விட்டுக் கிளம்பிவிட்டது. இறந்துபோன மாமனாரின் மையத்தைக் கிடத்த இடம் வேண்டும். நெல்பேட்டைச் சந்து வீட்டுக் கூடத்தில் ஒரு கட்டில் போட்டாலே ஆள் நிற்க முடியாது, இதில் ரெண்டடித் தொட்டி வேறு. தூக்க வந்தவர்கள் கனம் குறையட்டும் என்று பாதித் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றி, உள்ளே கிடந்த கற்களையும் மண்சட்டிகளையும் எடுத்து வெளியே போட்டுவிட்டு, தொட்டியை அடுப்படி ஓரத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். உதவிக்கு வந்தவர்களைத் திட்டவா முடியும்?

அவள் மாமனார் சேக் மைதீன் விடிகாலையில் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்யப் போன இடத்தில் சரிந்தவர்தான். எழுந்திருக்கவில்லை.

அவள் இந்த வீட்டுக்கு வந்து ஐந்து வருஷம் ஆகிறது. மாமனார் மேலூரில் இருக்கும் தன் தங்கையின் மகளைத்தான் ஆரிப்புக்குப் பேசி வைத்திருந்தார். ஆரிப்போ பழங்காநத்தத்துச் சமீனாவைக் கட்டிக்கொண்டு வந்து நின்றான். மகனை ஒரே மாதத்தில் மன்னித்தார். மருமகளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தப்புச் செய்தவன் ஒருத்தன், தண்டனை இன்னொருத்திக்கு. குடும்பங்களில் இது புதுசா என்ன? அவளிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் அவர் மீனிடம் சொன்னார்.

உடம்பெல்லாம் கறுப்புக் கோடு போட்ட சிக்லிட் அது. கடைக்காரன் சாது என்று சொல்லித்தான் தலையில் கட்டினான். வந்த வாரமே மற்ற மீன்களின் வாலைக் கடித்துக் குதறி, முரடன் என்று பேர் வாங்கிக்கொண்டது.

“டேய் முரடா, கொழம்புல உப்பே இல்லடா.”

“முரடா, பிரஷருக்கு இம்புட்டுத்தான் போடணும்னு டாக்டர் சொல்லிருக்காருன்னு சொல்லு,” என்பாள் சமீனா.

மாமியார் அஜ்மல் பீவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பார்.

முரடனை அடக்கும் வழியைச் செல்போனில் பார்த்துக் கண்டுபிடித்தது சமீனாதான். அவனைப் பிடித்து வாளியில் போட்டுவிட வேண்டும். கல்லையும் சட்டியையும் இடம் மாற்றி, மற்ற மீன்கள் ஆளுக்கொரு மறைவு பார்த்துக்கொண்ட பிறகு, கடைசியாக அவனை உள்ளே விட வேண்டும். எது தன் இடம் என்று தெரியாமல் கொஞ்ச நாள் அடங்கிக் கிடப்பான். வெள்ளிக்கிழமைதோறும் இந்த வேலை நடக்கும். மாமனார் வாளியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அப்போதும் பேச்சு வாளிக்குள் இருப்பவனோடுதான்.

இப்போது மொட்டைத் தொட்டியில் ஒளிய இடமில்லை. முரடன் ஏஞ்சல் மீன்கள் இரண்டையும் மூலையில் ஒதுக்கி மொத்திக்கொண்டிருந்தான். ஒன்று ஏற்கெனவே சாய்ந்து மிதந்தது. பின்கட்டில் மையத்தைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். சமீனா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முழங்கை வரை கையை உள்ளே விட்டாள். முரடன் விரலில் கடித்தான்.

“மையத்து வீட்ல செய்யிற வேலையா இது? எங்கண்ணன் மேல எம்புட்டுப் பாசம்னு பாருங்க,” என்றார் மாமனாரின் மேலூர்த் தங்கை, நாலு பேருக்குக் கேட்கும்படி.

சமீனாவுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அந்த அம்மாள் மேல் அல்ல, செத்துப்போனவர் மேல். ஒரே ஒரு தடவை ‘ஏம்மா’ என்று கூப்பிட்டிருந்தால் என்ன குறைந்திருக்கும்? முரடனை வாளிக்குள் தள்ளினாள். குடத்தில் இருந்த தண்ணீரைத் தொட்டியில் ஊற்றி, வெளியே கிடந்த சட்டிகளை எடுத்து வந்து கவிழ்த்து, கற்களை அடுக்கினாள்.

ஆரிப் வந்தான். அழுது அழுது குரல் கம்மியிருந்தது.

“கபன் துணி போட்டாச்சு. மொகம் பாக்க வா.” கொஞ்சம் தயங்கினான். “எல்லாரும் அத்தாவப் பொறுத்துக்கிட்டேன்னு சொல்லணும். நீ சொல்லிருவேல்ல?”

“வாயளவுக்கெல்லாம் சொல்ல மாட்டேன். மனசுல வந்தாத்தான்.”

அத்தாவை ஒருத்தியின் மனக்குறையோடு குழிக்குள் இறக்க வேண்டியிருக்குமோ என்ற பயம் அவன் முகத்தில் தெரிந்தது.

கூடத்தில் அஜ்மல் பீவி முதலில் சொன்னார். “நான் பொறுத்துக்கிட்டேன். அல்லாவும் உங்களப் பொறுத்துக்கட்டும்.” அடுத்து மேலூர்த் தங்கை அழுதுகொண்டே சொன்னார். ஆரிப் சொன்னான். பிறகு எல்லோரும் சமீனாவைப் பார்த்தார்கள்.

வெள்ளைத் துணிக்குள் அந்த முகம் மட்டும் தெரிந்தது. நடுவில் தொட்டி இல்லாமல் அவரிடம் எப்படிப் பேசுவது என்றே அவளுக்குத் தெரியவில்லை. நேரமாகிறது என்று வெளியே யாரோ குரல் கொடுத்தார்கள்.

“மாமா,” என்றாள். “கல்லெல்லாம் மாத்தி வச்சுட்டேன். ஏஞ்சல் ரெண்டும் பொழச்சுக்கிரும். வாளியப் புடிக்கத்தான் ஆள் இல்ல மாமா.”

“என்ன பேசுறா இவ?” என்றார் மேலூர்த் தங்கை.

“பொறுத்துக்கிட்டேன்னு சொல்லு சமீனா,” என்று ஆரிப் கெஞ்சினான்.

“அவ சொல்லிட்டா. மொகத்த மூடுங்க,” என்றார் அஜ்மல் பீவி. பிறகு மருமகளின் ஈரக் கையை இழுத்து, விரல் விரலாகத் தன் முந்தானையில் துடைத்துவிடத் தொடங்கினார்.