என்னைப் பற்றிப் பேசாதே

அக்காவுக்கு எலியின் கணையம்தான் உலகம். அதில் இன்சுலின் சுரக்கும் செல்களைப் பிரித்தெடுத்து, கண்ணாடித் தட்டில் வைத்து, அவை சாகாமல் காவல் காப்பதுதான் அவள் வேலை. ஆய்வுக்கூடத்தில் அவளுடைய ஒப்பந்தம் முடியப்போகிற நேரத்தில், நீரிழிவு ஆய்வில் இளம் விஞ்ஞானிகளுக்குக் கொடுக்கும் விருதுக்கு இறுதிச் சுற்று வரை வந்துவிட்டாள். விருது கிடைத்தால் அதோடு இரண்டு வருட வேலையும் கிடைக்கும். கிடைக்காவிட்டால் செல்களை வேறு யாராவது காவல் காப்பார்கள், இவள் வீட்டில் இருப்பாள்.

இறுதிச் சுற்றில் மூன்று பேர். ஆளுக்குச் சில நிமிடப் பேச்சு, அதைக் கேட்டு நடுவர்கள் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். விழா அமைப்பாளர் அக்காவைக் கூப்பிட்டு, "உங்க சொந்தக் கதையைச் சொல்லுங்க. எலிக் கதை சொன்னா தூங்கிடுவாங்க" என்று புத்திமதி சொல்லியிருக்கிறார்.

சொந்தக் கதை என்றால் நான்தான். ஏழு வயதிலிருந்து இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறவன். பள்ளிக்கூடத்தில் என் பட்டப்பெயர் சக்கரைக்கட்டி. என்னைப் பார்த்து உச்சுக் கொட்டாத சொந்தக்காரர் ஒருவரும் பாக்கியில்லை.

நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது அக்கா வந்து நின்றாள்.

"உன்னைப் பத்தி ரெண்டு வரி சொல்லிக்கவா?"

"வேண்டாம். அத்தனை பேரும் திரும்பிப் பார்த்துப் பாவம்னு சொல்றதுக்கு நான் என்ன கண்காட்சியா?"

"சரி, சொல்லலை."

"அதனால நீ தோத்துட்டா?"

"உன் சம்பளத்துல உக்காந்து சாப்பிடறேன். அதுக்காகவாவது உடம்பைப் பாத்துக்கோ."

என் உடம்பைப் பார்த்துக்கொள்கிறவள் உண்மையில் அவள்தான். சர்க்கரை குறைந்தால் எனக்கு மேலுதடு வியர்க்கும், கண் படபடவென்று சிமிட்டும், பேச்சு நின்றுபோகும். எனக்குத் தெரிவதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும். கல்யாண வீடோ துக்க வீடோ, அவள் கைப்பையில் ஒரு ஜூஸ் பாக்கெட் இருக்கும்.

விழாவில் முதலில் பேசியவர், நீரிழிவால் கால் எடுக்கப்பட்ட தன் பெரியப்பாவைப் பற்றிச் சொன்னார். இரண்டாமவர் தன் குழந்தையைப் பற்றிச் சொன்னபோது அரங்கமே மூக்கை உறிஞ்சியது. அடுத்து அக்கா கைப்பையைத் தோளில் மாட்டியபடியே ஏறினாள். சட்டைக் கழுத்தில் மைக்கை மாட்டிக்கொண்டு, தட்டு, செல், தட்டின் வெப்பம் என்று ஆரம்பித்தாள். ஒரு நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னொருவர் பேனா மூடியைத் திருகித் திருகித் திறந்தார்.

முன்வரிசையில் நான் இரவல் கோட்டுக்குள் மேலுதடு வியர்க்க வெந்துகொண்டிருந்தேன். ஒரு வாக்கியம் சொன்னால் போதும், ஜெயித்துவிடுவாள். சொல்லவில்லை. என் வீம்புக்காகத் தன் வேலையைப் பறிகொடுக்கிறாளே என்று கண்ணில் நீர் முட்ட, சிமிட்டிச் சிமிட்டி அடக்கினேன்.

அக்கா பேச்சைப் பாதியில் நிறுத்தினாள். விடுவிடுவென்று மேடையை விட்டு இறங்கி வந்தாள். நான் வாயைத் திறந்தேன், அதற்குள் ஜூஸ் குழாயைச் சொருகிவிட்டாள்.

"பேசாதே, குடி." மைக் கழுத்திலேயே இருந்ததால் அரங்கம் முழுக்கக் கேட்டது.

என் விரலைப் பிடித்துக் குத்தி, சர்க்கரை பார்க்கும் மெஷினில் ஒரு சொட்டு வைத்தாள்.

"சரியாத்தானே இருக்கு? அப்புறம் ஏன்டா இப்படி இருக்கே?"

"அழுதுட்டிருந்தேன்க்கா."

அதுவும் அரங்கம் முழுக்கக் கேட்டது.

அவள் முகம் சிவந்து மேடைக்குத் திரும்பினாள். "மன்னிக்கணும். பார்வையாளர் ஒருத்தருக்கு உடம்பு சரியில்லைனு நினைச்சுட்டேன்" என்றாள்.

பார்வையாளர் ஒருத்தராம். மானம் கப்பலேறிய பிறகும் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறாளாம். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எழுந்து நின்றேன்.

"நான் அவங்க தம்பி. சின்ன வயசுலேர்ந்து எனக்குச் சக்கரை. என்னைப் பத்திப் பேசக் கூடாதுன்னு நான்தான் சொன்னேன்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆனால் யாரும் உச்சுக் கொட்டவில்லை. சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

தலைமை நடுவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "எதை வெச்சுச் சக்கரை குறைஞ்சிருக்குனு முடிவு பண்ணீங்க?"

"மேலுதட்டு வியர்வை, கண் சிமிட்டறது."

"அழுதாலும் அப்படித்தானே இருக்கும்?"

அக்கா பரீட்சைக் கேள்விக்கு யோசிப்பதுபோல் யோசித்தாள். "ஆமா சார். ஆனா ஊசி போட ஆரம்பிச்ச நாள்லேர்ந்து இவன் அழுது நான் பார்த்ததே இல்லை. அதனால அப்படியும் இருக்கலாம்னு தோணவே இல்லை. தப்புதான்."

நடுவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, "நேரம் தர்றேன். செல்லைப் பத்தி முதல்லேர்ந்து சொல்லுங்க" என்றார்.

சொன்னாள். இந்தத் தடவை யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

விருது அவளுக்குத்தான். பாராட்டுரையில் செல்கள் இருந்தன, அவற்றைச் சாகவிடாமல் வைத்த முறை இருந்தது, அவளுடைய பொறுமைகூட இருந்தது. என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்கே கொஞ்சம் வருத்தமாகிவிட்டது.

கேடயத்தை வாங்கிக்கொண்டு அக்கா என்னைப் பார்த்தாள். எனக்கு மறுபடி மேலுதடு வியர்த்தது, கண் சிமிட்டியது. அவள் கை பழக்கத்தில் பையைத் தேடிப் போய், பாதியில் நின்றது. பிறகு அவளும் அழுதாள்.