தர்சோனோவுக்குப் பிடித்த பதார்த்தம்

பதினேழாயிரம் தீவுகளுக்கும், அவற்றில் எரியும் சகல அடுப்புகளுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: இந்தோனேசியச் சமையலின் மாபெரும் ரசிகர், தீவுக்குத் தீவு ருசி கண்ட நாக்குக்குச் சொந்தக்காரர், கிளாத்தேன் நகரத்து தர்சோனோ இன்று விடியற்காலை காலமானார். வயது அறுபத்து மூன்று. தொழில், ஊர் ஊராகப் போய் வயிற்றுவலிப் பொடி விற்றல்.

பத்து மணிக்கு அடக்கம் முடிந்து ஆண்கள் திரும்பியபோது, அவர் மனைவி முர்யாத்தி தன் அடுப்படி வாசலிலேயே விருந்தாளி மாதிரி நின்றுகொண்டிருந்தாள். சாவு விழுந்த வீட்டில் வீட்டுக்காரி கரண்டி தொடக் கூடாது. உள்ளே தெருப் பெண்கள் ஏழு பேர் அவளுடைய டப்பாக்களைத் திறந்து, மோந்து பார்த்து, ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தெருத் தலைவரின் மனைவி லஸ்மினி துடைப்பத்தைக் கூட அதிகாரத்தோடு பிடிப்பவள். "உள் ரூம்ல விளக்கேத்தி அண்ணனுக்குப் பிடிச்சதை வைக்கணும். காப்பி வெச்சாச்சு. சாப்பிட என்ன வைக்கிறது?" என்றாள்.

முர்யாத்தி வாயைத் திறப்பதற்குள் அடுப்படியே பதில் சொன்னது.

"மனாடோ மீன் குழம்புதான். ஃப்ரிடா கைப்பக்குவம் யாருக்கும் வராதும்பாரே."

"போடி. புக்கித்திங்கி ஊரு ரெண்டாங். யுஸ்னிடார்னு ஒருத்தி, நாலு மணி நேரம் கறியைக் கிண்டுவாளாம். சொல்றப்பவே அண்ணனுக்குக் கண்ணு சொருகும்."

ஃப்ரிடா. யுஸ்னிடார். முர்யாத்திக்கு இவர்கள் பெயரெல்லாம் மனப்பாடம். முப்பத்தோரு வருஷமாக அவள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருப்பவர்கள் ஆயிற்றே. அவள் தேங்காய்ப்பால் விட்டு லோதே என்கிற காய்கறிக் குழம்பு வைத்தால், அவர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு ஜன்னல் வழியாக வடக்கே பார்ப்பார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா மனாடோல..." ஒரு தடவை வைராக்கியத்தில் அவளே மனாடோ மீன் வைத்தாள். மனிதர் ரெண்டு நாள் கொல்லைப்புறமும் கட்டிலுமாகக் கிடந்தார். "காரம் பரவாயில்லை, கைதான் சரியில்லை" என்று தீர்ப்பு வந்தது.

"என் லோதேதான் அவருக்கு உசுரு" என்றாள் முர்யாத்தி.

யாரோ இருமினார்கள். லஸ்மினி இரக்கத்தோடு அவள் தோளைத் தொட்டாள். "அதையும் வைக்கலாம்மா. ஓரமா."

ஓரமா. செத்த பிறகும் ஓரமா.

அப்போதுதான் திகோர் வந்தான். கம்பெனி வேன் ஓட்டி, முப்பத்தோரு வருஷமும் அவரோடு ஊர் ஊராகச் சுற்றியவன், சுமத்ராப் பக்கத்துப் பாத்தாக் இனத்துக்காரன். மெதுவாகப் பேசவே தெரியாது. முர்யாத்தி அவனைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"உண்மையைச் சொல்லு தம்பி. அந்த ஃப்ரிடா நல்லா இருப்பாளா?"

"எந்த ஃப்ரிடா?"

"மனாடோல, மீன் கடை."

"அந்தக் கடையா? அங்க ஒரு மீசைக்காரர்தானே சமைப்பார்."

"யுஸ்னிடார்?"

திகோர் தலையைச் சொறிந்தான். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. அண்ணன் எந்தக் கடையிலயும் சாப்பிட்டதே இல்லை. ஒரு மிளகாய் பட்டா போதும், அன்னிக்கு வியாபாரம் கிடையாது. வெறும் சோறு, வெந்நீர், நீங்க டப்பால போட்டுக் குடுத்த தெம்பே வறுவல். எதிர்ல உக்காந்து நான் சாப்பிடுவேன். எப்படி இருக்குன்னு ஒவ்வொரு வாய்க்கும் கேப்பார். நான் சொல்றதை நோட்டுல எழுதிக்குவார்."

முப்பத்தோரு வருஷத்துச் சக்களத்திகள் முர்யாத்தியின் மேசையிலிருந்து வரிசையாக எழுந்து வெளியே போனார்கள். கடைசியில் போனவருக்கு மீசை இருந்தது. சிரிப்பு வந்தது, துக்க வீடு என்று அடக்கிக்கொண்டாள்.

நேராக அடுப்படிக்குள் நுழைந்தாள். "முர்யாத்தி, நீ தொடக் கூடாது!" என்று ஏழு பேரும் கத்தினார்கள். அவள் தெம்பே சோயாக் கட்டியைச் சீவி, எண்ணெயில் போட்டு, பொன்னிறமாக எடுத்து, வெல்லப்பாகில் புரட்டினாள். ஒரு துண்டை முதலில் திகோருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"இதைப் பத்தி உன் அண்ணன் என்ன சொல்வார்?"

திகோர் மென்றான். பொய் சொல்ல அவனுக்கு நேரம் போதவில்லை.

"ஒண்ணும் சொன்னதில்லக்கா. இதைத் திங்கிறப்பவும் கண்ணு என் வாய் மேலதான் இருக்கும்."

முர்யாத்தி அவன் மெல்லும் வாயைப் பார்த்தாள். இத்தனை வருஷம் அவர் கண் கிடந்த இடம் அது.

பிறகு தட்டை எடுத்துக்கொண்டு உள் அறைக்குப் போனாள். விளக்குக்கு முன்னால், நட்டநடுவில் வைத்தாள். லஸ்மினி எட்டிப் பார்த்தாள்.

"இது மட்டுமா? அவ்வளவு பெரிய நாக்குக்கு?"

"போதும்" என்றாள் முர்யாத்தி, தெருக்கோடி வரை கேட்கும்படி. "அவருக்குக் காரம் ஆகாது."